செமினரி வாத்தியார்கள் எங்கிருந்து வருகிறார்கள்? தம்பிக்காகக் கேட்கிறேன்

பொறையாறு அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி செமினரியில் (இறையியல் கல்லூரியில்) பி.டி., அதாவது இறையியல் இளநிலைப் பட்டம், மூன்றாம் வருடம் படிக்கிறான். பொங்கலுக்கு வீட்டுக்கு வந்தவன், சாப்பிடும்போது, "சபைக்குப் போதகராகப் போவதைவிட செமினரியில் எபிரெயம் சொல்லிக்கொடுக்க ஆசையா இருக்கு" என்றான். அப்பா எடுத்த கவளத்தைத் திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

அப்பாவுக்குச் சைக்கிள் கடை. தம்பி ஊழியத்துக்குப் போவதில் அவருக்குச் சந்தோஷம்தான். நம் பிள்ளை அங்கி போட்டுப் பீடத்தில் நிற்பான் என்று நான்கு வருடமாகக் கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இப்போது அவர் சொல்வது: "வாத்தியார் வேலையெல்லாம் தாத்தா ஐயர், அப்பா ஐயர்னு பரம்பரையா வந்த வீட்டுப் பிள்ளைங்களுக்கு. நம்ம வீட்டில் பத்தாவது தாண்டினதே நீங்க ரெண்டு பேருதான்." (எங்கள் சபையில் போதகரைத்தான் ஐயர் என்போம்.)

எனக்கு அவரிடம் பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையிலேயே அந்த ஆசிரியர்கள் யார்? எந்த மாதிரி வீடுகளிலிருந்து வருகிறார்கள்? அதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தார்கள்? எத்தனை வருடம் ஆகும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருச்சி மாணவன்:

அக்கா, படிப்பு வழியை மட்டும் நான் சொல்கிறேன். பி.டி. பட்டதாரிகளுக்கு 4 வருடம், பிளஸ் டூ முடித்து நேரே வந்தவர்களுக்கு 5 வருடம். அப்புறம் எம்.டிஎச்., அதாவது இறையியல் முதுநிலை, 2 வருடம். அங்கே ஒரு துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, இறையியல், திருச்சபை வரலாறு, சமயங்கள் என்று பல. உங்கள் தம்பிக்குப் பழைய ஏற்பாடு, அதன் மூலமொழிதான் எபிரெயம். எம்.டிஎச். முடித்தால் விரிவுரையாளராகச் சேரலாம். அதற்கு மேலே முனைவர் பட்டம்.

நம் பக்கத்துப் பெரிய இறையியல் கல்லூரிகள் பலவற்றுக்குப் பட்டம் தருவது வங்காளத்துச் செராம்பூர் கல்லூரியின் செனட். டென்மார்க் அரசர் 1827இல் கொடுத்த சாசனம்தான் அதற்கு ஆதாரம். உங்களுக்குப் பக்கத்துத் தரங்கம்பாடியும் வங்காளத்துச் செராம்பூரும் அப்போது ஒரே டேனிஷ் கொடியின் கீழ் இருந்தவை. 1845இல் இரண்டையும் சேர்த்தே ஆங்கிலேயரிடம் விற்றார்கள்.

வீடு, குடும்பம் பற்றி மூத்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கொள்ளிடக்கரை ஐயா:

அம்மா, நான் 24 வருடம் பழைய ஏற்பாடு கற்பித்து ஓய்வுபெற்றவன். சீர்காழிக்கு வடக்கே கொள்ளிடக் கரையோரம் எங்கள் கிராமம். அப்பா பண்ணை வேலை பார்த்தவர். கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். அம்மா நடவுக்கும் களையெடுப்புக்கும் போவார். எங்கள் வீட்டில் ஐயரும் கிடையாது, அவருக்கு உதவியாகச் சபையைப் பார்க்கிற உபதேசியாரும் கிடையாது. உங்கள் அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

நான் சேர்ந்தபோது ஆசிரியர் அறையில் இருந்தவர்களை நினைத்துப் பார்க்கிறேன். கிரேக்கம் எடுத்தவர் வேதாரண்யம் உப்பளத்தில் வேலை பார்த்தவர் மகன். சின்ன வயதில் அவரும் உப்பு வாரியிருக்கிறார், கால் விரல் இடுக்கில் அந்தத் தழும்பு கடைசிவரை இருந்தது. திருச்சபை வரலாறு எடுத்தவர் பொன்மலை ரயில்வே பணிமனையில் எட்டு வருடம் இருந்துவிட்டு வந்தவர். தேதிகளை அவர் ரயில் நேரம் மாதிரியே மனப்பாடமாகச் சொல்வார். சமயங்கள் துறைக்குத் தமிழ்ப் புலவர் ஒருவர். தேவாரத்தைப் பண்ணோடு பாடிக் காட்டிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவார். இறையியல் எடுத்தவர் மட்டும் உங்கள் அப்பா சொல்கிற மாதிரி மூன்று தலைமுறை ஐயர் வீடு. அவரையும் குறைவாக நினைக்க வேண்டாம். அவர் தாத்தா சேர்த்து வைத்த ஜெர்மன் புத்தகங்களை எங்களுக்காக வரி வரியாக மொழிபெயர்த்துச் சொல்வார், ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினாலும்.

என் வழி இது. பி.ஏ. வரலாறு முடித்து மூன்று வருடம் கூட்டுறவு உரக்கடையில் கணக்கெழுதினேன். அப்புறம் பி.டி. அப்புறம் ஆறு வருடம் கிராமத்துச் சேகரம், அதாவது ஒரு போதகர் பொறுப்பில் இருக்கிற சில ஊர்ச் சபைகள். ஐந்து ஊர், ஐந்து சின்னக் கோயில், ஒரு சைக்கிள். அதன் பிறகுதான் எம்.டிஎச். படிக்க பெங்களூருக்கு அனுப்பினார்கள். ஆசிரியராக முதல் வகுப்பில் போய் நின்றபோது எனக்கு 36 வயது.

அந்த ஆறு வருடம் வீணாகப் போய்விட்டது என்று அப்போது வருத்தப்பட்டிருக்கிறேன். என்னோடு பி.டி. முடித்தவர்கள் நேராக மேல்படிப்புக்குப் போனார்கள். எனக்குத் துக்கமாக இருக்கும். பிறகு புரிந்தது. ஒரு உதாரணம் சொல்கிறேன்.

பழைய ஏற்பாட்டில் உபாகமம் 11ஆம் அதிகாரத்தில் ஒரு வசனம். எகிப்தில் நீங்கள் காலால் தண்ணீர் பாய்ச்சினீர்கள், போகிற தேசமோ வானத்து மழையைக் குடிக்கிற தேசம் என்று மோசே சொல்கிறார். "காலால்" என்பது என்ன என்று உரையாசிரியர்களுக்குள் பெரிய விவாதம். காலால் மிதிக்கிற இறைவைப் பொறி என்று சிலர், வாய்க்கால் மண்ணைக் காலால் தள்ளுவது என்று சிலர். நான் பெங்களூர் நூலகத்தில் இதைப் படித்தபோது என் அப்பாதான் கண்முன் வந்தார். வாய்மடையைத் திறக்க அவர் மண்வெட்டியை எடுக்கவே மாட்டார். குதிகாலால் சேற்றை ஒரு தள்ளு, தண்ணீர் பாயும். வயல் நிறைந்ததும் அதே காலால் ஒரு இழுப்பு, மடை அடைந்துவிடும்.

அப்போதுதான் இன்னொன்றும் தோன்றியது. அந்த வசனத்தில் நாம் எகிப்து பக்கம் நிற்கிறோம். ஜூன் 12 மேட்டூர் திறப்பார்களா என்று பார்த்து நாற்று விடுகிற நமக்கு ஆறுதான் எல்லாம். மழையை மட்டும் நம்பி வாழ்ந்த ஜனங்களின் வேதத்தை டெல்டாக்காரன் எப்படி வாசிக்க வேண்டும்? இந்த ஒரு கேள்வியை வைத்து ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தியிருக்கிறேன். இராமநாதபுரம் பக்கத்துப் பையன்கள் ஒரு மாதிரி பதில் எழுதுவார்கள், மன்னார்குடிப் பையன்கள் வேறு மாதிரி. இது எந்தப் பரம்பரையிலும் வராது. வயல் வரப்பில் நடந்த பிள்ளைக்கு வரும். சைக்கிள் கடையில் வளர்ந்த பிள்ளைக்கு வேறொன்று வரும்.

பொறையாறு அக்கா:

ஐயா, இதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். குதிகால் இடம் வந்ததும் "இன்னொரு தடவை வாசி" என்றார். ஆனால் ஒரு கவலை இன்னும் இருக்கிறது. 36 வயதுவரை என்ன வருமானம்? கல்யாணம் காட்சி எல்லாம் இருக்கிறதே. அப்புறம் அம்மா கேட்கிறார்: வாத்தியாராகப் போனால் ஜனங்களை விட்டு விலகிப் போய்விட மாட்டானா?

தஞ்சாவூர் ஃபாதர்:

நான் கத்தோலிக்கக் குரு. குருக்களாகப் போகிறவர்கள் படிக்கும் பெரிய குருமடத்தில் திருச்சபைச் சட்டம் கற்பிக்கிறேன். எங்கள் பாதை கொஞ்சம் வேறு, அதனால் சுருக்கமாக.

எங்களிடம் "நான் பேராசிரியர் ஆக வேண்டும்" என்று யாரும் விண்ணப்பிப்பது இல்லை. இளங்குருமடம், மெய்யியல், ஒரு வருடக் களப்பணி, நான்கு வருட இறையியல், பிறகு குருப்பட்டம் தரும் திருப்பொழிவு. துணைப் பங்குத்தந்தையாக இருக்கும்போது ஒரு நாள் ஆயரிடமிருந்து கடிதம் வரும்: மேல்படிப்புக்குப் போ, இன்ன பாடம். எனக்கு அந்தக் கடிதம் வந்தது வேளாங்கண்ணித் திருவிழா நேரத்தில். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து தினமும் பாவசங்கீர்த்தனம் (ஜனங்களின் பாவ அறிக்கை) கேட்டுக் கேட்டு முதுகு விட்டுப்போயிருந்தது. நான் தமிழ் இலக்கியம் படிக்க ஆசைப்பட்டவன். கடிதத்தில் சட்டம் என்று இருந்தது. மூன்று நாள் மனசு ஆறவில்லை.

இப்போது பதினாறு வருடம் ஆகிவிட்டது. திருமண வழக்குகளைச் சொல்லிக்கொடுக்கும்போது திருவிழாவில் கண்ணீரோடு வந்து மண்டியிட்ட பெண்களை நினைக்காமல் ஒரு சட்டப் பிரிவைக்கூட என்னால் விளக்க முடிவதில்லை. பெயர் சொல்லக் கூடாது, விவரம் சொல்லக் கூடாது. ஆனாலும் அவர்களுக்காகத்தான் பாடம் நடத்துகிறேன்.

எங்கள் மடத்தில் குருக்கள் மட்டும் கற்பிப்பதில்லை. மனநலம் எடுப்பவர் ஒரு அருட்சகோதரி. தமிழ் எடுப்பவர் அரசுக் கல்லூரியில் ஓய்வுபெற்ற சைவர், நெற்றியில் திருநீறோடுதான் வருவார். மறையுரையில் தமிழைக் கொலை பண்ணினால் கோயிலுக்குள்ளேயே முகம் சுளிப்பார். பையன்கள் அவருக்குப் பயப்படுவது மாதிரி என்னைக் கண்டு பயப்படுவதில்லை.

குடந்தை அம்மா:

தங்கச்சி, உங்கள் அம்மா கேட்டதற்கு நான் பதில் சொல்லலாமா? நான் ஒன்பது வருடம் நர்ஸ். அதில் ஆறு வருடம் இரவுப் பணி. கணவர் போதகர். பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு 33 வயதில் பி.டி. சேர்ந்தேன். இப்போது ஆலோசனை ஊழியம் கற்பிக்கிறேன்.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில், "அம்மா, நீங்கள் பெண்கள் விடுதியையும் பாடகர் குழுவையும் பார்த்துக்கொள்ளுங்கள், வகுப்பு அப்புறம் பார்க்கலாம்" என்றார்கள். எனக்குப் பாடவே வராது! எம்.டிஎச். சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பருவம் காத்திருந்தேன். மிகவும் வலித்தது. அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. எனக்குப் பிறகு வந்த பெண்கள் அப்படிக் காத்திருக்கவில்லை.

மக்களை விட்டு விலகுவதா? என் மாணவர்களை வாராவாரம் வியாழக்கிழமை அரசு மருத்துவமனைப் பொதுப் பிரிவுக்குக் கூட்டிப்போகிறேன். முதல் நாள் பையன்கள் வேதாகமத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நேரே தலைமாட்டுக்குப் போய் சத்தமாக ஜெபிக்க ஆரம்பிப்பார்கள். பக்கத்துக் கட்டிலில் காய்ச்சலில் கிடப்பவர் திடுக்கிட்டு எழுந்திருப்பார். நான் சொல்வது: முதலில் அவர் பெயரைக் கேள். சாப்பிட்டாரா என்று கேள். தண்ணீர் வேண்டுமா, யாருக்காவது போன் போட வேண்டுமா என்று கேள். கட்டிலில் உட்காராதே, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார், நின்றுகொண்டு பேசினால் நீ கிளம்பப் போகிறாய் என்று அவருக்குத் தோன்றும். ஜெபிக்கட்டுமா என்று கேட்டு, அவர் சரி என்றால் மட்டும், காதுக்குக் கேட்கிற அளவு. இதெல்லாம் நான் படித்த எந்தப் புத்தகத்திலும் முதலில் வரவில்லை. இரவுப் பணியில் கற்றது.

கொள்ளிடக்கரை ஐயா:

குடந்தை அம்மா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் உட்கார்ந்திருந்தேன். வாத்தியார் விலகிப் போவானா என்ற கேள்விக்கு எனக்கும் ஒரு பதில் இருக்கிறது, எழுதுவது எளிதாக இல்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்த என்னைக் கடலோரச் சபை ஒன்றில் பிரசங்கம் பண்ணக் கேட்டிருந்தார்கள். போகிற வழியிலேயே ஜனங்கள் எதிரே ஓடி வந்தார்கள். சுனாமி. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அன்று இறந்து போனார்கள். நான் அன்று பிரசங்கம் பண்ணவில்லை. அடுத்த பன்னிரண்டு நாளும் குழி அருகிலும் முகாமிலும் நின்றேன். விடுமுறையில் இருந்த மாணவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை.

அதற்கு முன் பதினான்கு வருடம் பழைய ஏற்பாட்டின் புலம்பல் புத்தகத்தை நான் எப்படிக் கற்பித்தேன் தெரியுமா? எபிரெயத்தில் 22 எழுத்து, அந்த எழுத்து வரிசையில் முதல் நான்கு பாடல்களும் அமைந்திருக்கின்றன, நம் ஆத்திசூடி மாதிரி என்று கரும்பலகையில் எழுதுவேன். ஐந்தாம் பாடலில் 22 வசனம் இருந்தும் அந்த வரிசை இல்லை என்பதை ஒரு தகவலாகச் சொல்லி அடுத்ததற்குப் போய்விடுவேன்.

முகாமில் ஒரு வயதான அம்மா இரண்டு நாள் முறையாக ஒப்பாரி வைத்தார். ஒவ்வொருவர் பெயராக, உறவு முறையாக, அடி தவறாமல். மூன்றாம் நாள் அந்த முறை உடைந்துவிட்டது. அடியும் இல்லை, வரிசையும் இல்லை, வெறும் கேள்வியாக வந்தது. எனக்கு அந்த இடத்தில் ஐந்தாம் பாடல் விளங்கியது. அறிஞர்கள் இதை ஒத்துக்கொள்வார்களா என்பது வேறு விஷயம், நான் அப்படித்தான் நம்புகிறேன். ஜூன் மாதம் வகுப்பு தொடங்கியதும் ஒப்பாரி பாடும் ஒரு அம்மாவை அழைத்து வந்து மாணவர்கள் முன்னால் உட்கார வைத்தேன். அந்த வகுப்பில் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இப்போது வருமானம். ஒளிக்காமல் சொல்கிறேன். அரசுக் கல்லூரிப் பேராசிரியர் சம்பளத்தை எதிர்பார்க்க வேண்டாம். நான் வேலை பார்த்த இடத்தில் அதில் பாதிகூட இல்லை. குடியிருக்க வீடு கொடுத்தார்கள். பிள்ளைகள் படிப்புக்கு என் மனைவியின் பள்ளி ஆசிரியைச் சம்பளம்தான் கைகொடுத்தது. சேகரத்தில் இருக்கும் வருடங்களில் போதகர் சம்பளம் வரும், அதனால் கையில் காசே இல்லாமல் போய்விடாது. கல்யாணமும் அப்போது நடக்கும், எனக்கு நடந்தது. மேல்படிப்புக்குத் திருச்சபை அனுப்பினால் செலவைப் பெரும்பாலும் அவர்கள் ஏற்பார்கள், திரும்பி வந்து சில வருடம் கட்டாயம் பணி செய்ய எழுதி வாங்குவார்கள். எழுதிக் கொடுக்கும் முன் அந்தத் தாளை முழுக்கப் படிக்கச் சொல்லுங்கள். இன்னொன்றும் உண்டு: திருச்சபை நினைத்தால் நடுவில் கூப்பிட்டுச் சேகரத்தில் போட்டுவிடும். என்னை இரண்டு முறை கூப்பிட்டார்கள்.

தம்பிக்கு ஒரு செய்தி. எபிரெயத்தில் மயிலுக்கு வருகிற சொல்லை 1 இராஜாக்கள் 10:22இல் பார்க்கச் சொல்லுங்கள். "துக்கியீம்". நம் "தோகை"தான் அது என்று மொழியறிஞர் கால்டுவெல் எடுத்துக்காட்டினார். நான் எபிரெய முதல் வகுப்பை எப்போதும் இந்தச் சொல்லில்தான் தொடங்குவேன். வலமிருந்து இடமாக எழுதுகிற பயம் பையன்களுக்குப் பாதி போய்விடும்.

அப்புறம், நீங்கள் இருப்பது பொறையாறு! தரங்கம்பாடிக் கோட்டைக்கு நடந்தே போகலாம். ஜெர்மன் மிஷனரி சீகன்பால்க் அங்கே வந்து இறங்கியது 1706 ஜூலை 9. மறுநாள்தான் அவருக்கு 24 வயது. தானிய வியாபாரி வீட்டுப் பிள்ளை, சின்ன வயதிலேயே அப்பா அம்மா இரண்டு பேரையும் இழந்தவர், உடம்பு சரியில்லாமல் ஜெர்மனியில் ஹாலே பல்கலைக்கழகத்தில் படிப்பைப் பாதியில் விட்டவர். அவருக்குத் தமிழ் சொல்லித்தந்தது ஒரு வயதான திண்ணைப் பள்ளி வாத்தியார். பிள்ளைகளோடு பிள்ளையாக மணலில் விரலால் எழுதித்தான் கற்றுக்கொண்டார். 1716இல் அவரே அங்கே ஒரு செமினரி தொடங்கினார். பின்னாளில் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார் அந்த ஊரில் இறையியல் படித்தபோது அங்கிருந்த ஆசிரியர், ஜெர்மன் மிஷனரி ஜான் ஐயர் மீனும் சங்கும் சேகரித்துக்கொண்டிருந்தார். உங்கள் ஊர் மீன் சந்தையில் கத்தாளை வாங்கினால், அந்த இனத்துக்கு அறிவியலில் ஜானியஸ் என்று பெயர், அவர் பெயரால் வைத்ததுதான். சாஸ்திரியார் தஞ்சாவூரில் தலைமை ஆசிரியரானபோது வயது 19. கடைசியில், 1927இல் குருக்குல் லுத்தரன் இறையியல் கல்லூரி தொடங்கியதும் தரங்கம்பாடியில்தான், 1931இல் சென்னைக்குப் போனது. வாத்தியார் வேலை நமக்கு இல்லை என்று பொறையாற்றுக்காரர் சொன்னால் நான் எப்படி ஒத்துக்கொள்வது?

பொறையாறு அக்கா:

ஐயா, ஃபாதர், அம்மா, தம்பி, எல்லாருக்கும் நன்றி. ராத்திரி அப்பாவுக்கு முழுதும் வாசித்தேன். முகாம் பகுதியில் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். எங்கள் பெரியம்மா அந்த வருடம்தான் போனார்.

அப்பா தூங்கப் போகும்முன் ஒன்று மட்டும் கேட்டார்: "அந்த அஞ்சாறு வருசம் சேகரம்னு சொல்றாரே, அது எந்த ஊரில் போடுவாங்க? பக்கத்தில் கேட்டு வாங்க முடியுமா?"

கொள்ளிடக்கரை ஐயா:

கேட்கலாம், கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. அது பேராயர் கையில் இருக்கிறது. எனக்கு ஊரிலிருந்து பஸ் மாறி மாறி நான்கு மணி நேரம். சேகரம் எதுவானாலும் சைக்கிள் தேவைப்படும், இப்போது பையன்கள் மோட்டார் சைக்கிள் வாங்கிவிடுகிறார்கள். அப்பாவைக் கேட்டுச் சொல்லுங்கள், செம்மண் சாலைக்கு எந்த டயர் நிற்கும் என்று. நான் ஆறு வருடத்தில் ஒன்பது மாற்றினேன்.